பெண்கள் பள்ளியில் விடாமுயற்சியை வளர்ப்பதும் பாராட்டுவதும்: ஆசிரியைகளுக்குச் சில நடைமுறை வழிகள்

ஆண்டு விழா மேடையில் யார் யார் ஏறப்போகிறார்கள் என்பது வகுப்பு தொடங்கிய முதல் மாதத்திலேயே எல்லா மாணவிகளுக்கும் தெரிந்துவிடும். மதிப்பெண்ணில் முதல் மூன்று பேர், ஓட்டத்தில் முதலாவது, பேச்சுப் போட்டியில் முதலாவது, அவ்வளவுதான். மற்றவர்கள் கைதட்டப் பழகிவிடுகிறார்கள். காலை அசெம்பிளியில் தினமும் விடாமுயற்சியைப் பற்றிப் பேசிவிட்டுப் பரிசை மட்டும் ரேங்குக்குக் கொடுத்தால், பிள்ளைகள் நாம் சொன்னதை நம்ப மாட்டார்கள், கொடுத்ததைத்தான் நம்புவார்கள். அதனால் முதல் வேலையாக, உங்கள் பள்ளியில் இப்போது எதற்கெல்லாம் பரிசு தரப்படுகிறது, கடைசியாக அவை யாருக்குப் போயின என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். திரும்பத் திரும்ப அதே பெயர்கள் வந்தால், மாற்ற வேண்டியது எங்கே என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

அடுத்தது, நாம் வாயால் சொல்லும் பாராட்டு. 1998-இல் கிளாடியா மியூலர், கரோல் டுவெக் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிர்கள் கொடுத்து, சிலரிடம் ‘நீ புத்திசாலி’ என்றும் சிலரிடம் ‘நன்றாக உழைத்தாய்’ என்றும் சொல்லிப் பார்த்தார்கள். பிறகு கடினமான புதிர்களில் எல்லோரும் தடுமாறினார்கள். அதற்குப் பின் பழையபடி எளிய புதிர்கள் வந்தபோது, புத்திசாலி என்று பாராட்டப்பட்டவர்கள் முன்பைவிடக் குறைவாகவும், உழைப்புக்காகப் பாராட்டப்பட்டவர்கள் முன்பைவிட அதிகமாகவும் செய்தார்கள். பெண் பிள்ளைகளிடம் இது இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டிய விஷயம், ஏனென்றால் ‘ரொம்ப ரொம்ப புத்திசாலி’ என்றால் தங்கள் பாலினத்தவர் என்று நினைக்கும் வழக்கம் சிறுமிகளிடம் ஆறு வயதிலேயே குறையத் தொடங்குகிறது என்று 2017-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. உயர்நிலைப் பள்ளிக்கு வரும்போது அந்த எண்ணம் எவ்வளவு ஊறிப்போயிருக்கும்!

ஆனால் ‘நல்லா முயற்சி பண்ணினே’ என்று எல்லோரிடமும் பொதுவாகச் சொல்வதிலும் பலன் இல்லை. தோற்றுப்போன பிள்ளையிடம் அப்படிச் சொன்னால், இவ்வளவுதான் உன்னால் முடியும் என்று டீச்சர் முடிவு கட்டிவிட்டார் என்றே அவள் காதில் விழும். என்ன செய்தாள் என்பதைக் குறிப்பாகச் சொல்லுங்கள்: “போன முறை மூன்றாவது படியிலேயே விட்டுவிட்டாய், இந்த முறை வேறு வழியில் போய்ப் பார்த்திருக்கிறாய், அந்த வழிதான் சரி, கடைசியில் குறியை மட்டும் கவனி.” இப்படிச் சொல்ல வேண்டுமானால் அவள் விடைத்தாளை நாம் உண்மையாகவே படித்திருக்க வேண்டும், அதற்கு நேரம் ஆகும், வேறு குறுக்கு வழி கிடையாது. விடைத்தாளோடு ஒரு சிறு சீட்டும் வைக்கலாம். ‘உன்னிடம் நான் அதிகம் எதிர்பார்க்கிறேன், உன்னால் அதை எட்ட முடியும் என்று தெரியும், அதனால்தான் இவ்வளவு திருத்தங்கள்’ என்ற பொருளில் ஒரே ஒரு வரி போதும். 2014-இல் வெளியான ஓர் ஆய்வில் இப்படிப்பட்ட குறிப்பு கிடைத்த மாணவர்கள் கட்டுரையைத் திருத்தி எழுதித் தர அதிகம் முன்வந்தார்கள். ஆசிரியர்கள் மேல் நம்பிக்கை குறைந்திருந்த பிள்ளைகளிடம் பலன் கூடுதலாக இருந்தது.

சரி, திருத்தி எழுத ஆசை வந்த பிறகு அதற்கு வழி இருக்கிறதா? என் பார்வையில் எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி இதுதான். தேர்வு முடிந்தது, மதிப்பெண் பதிவானது, அடுத்த பாடம் தொடங்கியது என்று ஓடினால், விடாமல் முயல்வதற்கு அந்தப் பெண்ணுக்கு இடமே இல்லை. வகுப்புத் தேர்வுகளிலாவது மறுவாய்ப்பு கொடுங்கள். தவறிய கேள்விகளைத் திருத்தி, எங்கே பிசகியது என்று இரண்டு வரி எழுதிக் கொண்டுவந்தால், வேறு கேள்விகளோடு ஒரு சிறு தேர்வு எழுதலாம், இரண்டில் அதிகமான மதிப்பெண்ணே கணக்கில் வரும். அதைப் பள்ளி நேரத்துக்குள் வையுங்கள். வீட்டுக்குப் போனதும் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்களால் மாலையில் தங்க முடியாது, விடுபட்டுப் போகிறவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான்.

கதவைத் திறந்து வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஈரானில் பிறந்த கணிதவியலாளர் மர்யம் மிர்சகானியைச் சொல்லலாம். கணிதத்தின் மிக உயர்ந்த விருதுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கத்தை 2014-இல் பெற்ற முதல் பெண், டெஹ்ரானில் பெண்கள் பள்ளியில் படித்தவர். நடுநிலை வகுப்பின் முதல் ஆண்டில் அவருக்குக் கணக்கு சரியாக வரவில்லை. பெரிய திறமை இருப்பதாக ஆசிரியரும் நினைக்கவில்லை, ஆர்வமே போய்விட்டது. அடுத்த ஆண்டு ஊக்கம் தரும் ஆசிரியர் கிடைத்தார், நிலைமை மாறியது. பிறகு ஆண்கள் பள்ளியில் இருப்பதுபோல் கணிதப் புதிர் வகுப்பு தங்களுக்கும் வேண்டும் என்று அவரும் தோழியும் போய்க் கேட்டபோது, தலைமையாசிரியை அதற்கு ஏற்பாடு செய்தார். 1994, 1995 இரண்டு ஆண்டுகளிலும் சர்வதேசக் கணித ஒலிம்பியாடில் தங்கம், இரண்டாவது முறை முழு மதிப்பெண். இந்தக் கதையை மாணவிகளுக்குச் சொல்லும்போது அந்த மோசமான ஆண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள், பதக்கத்தை மட்டும் சொன்னால் அவர் வேறு ஏதோ பிறவி என்றே பிள்ளைகள் நினைப்பார்கள்.

கொண்டாட்டத்துக்கு வருவோம். ஆண்டுக்கு ஒரு முறை பெரிய விழா என்பதோடு மாதம் ஒரு அசெம்பிளியில் பத்து நிமிடம் ஒதுக்கினாலே நிறையச் செய்யலாம். ஒரு மாணவி தான் எங்கே சிக்கினாள், எப்படி வெளியே வந்தாள் என்று தானே பேசட்டும், யார் உதவினார்கள் என்பதையும் சொல்லட்டும். ஒரு எச்சரிக்கை, எல்லாப் பெண்களுக்கும் மேடை பிடிக்காது. முன்கூட்டியே தனியாகக் கேளுங்கள். கூச்சப்படுகிறவளுக்கு வீட்டுக்கு எழுதும் ஒரு கடிதம் மேடையைவிடப் பெரிய பரிசாக இருக்கும். பள்ளியிலிருந்து கடிதம் வந்தாலே புகார்தான் என்று பழகிய வீடுகளில் அது பல நாள் பேசப்படும்.

முழு வருகைக்குத் தரும் பரிசை நிறுத்திவிடுவது நல்லது. மாதவிடாய் வலியால் ஒரு நாள் படுத்திருந்தவளும், நோயுற்ற தாயைப் பார்த்துக்கொண்டவளும் அதில் தோற்றவர்களாகிவிடுகிறார்கள். 2021-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், ஏற்கெனவே முழுமையாக வந்ததற்காகத் திடீரென்று விருது பெற்ற மாணவர்களின் வருகை அதற்குப் பிறகு குறைந்தது. வரைவது, வாசிப்பது போலப் பிள்ளைகள் விரும்பியே செய்யும் காரியங்களுக்கும் பரிசு அறிவிக்கும் முன் ஒருமுறை யோசியுங்கள், பரிசுக்காக என்று ஆகிவிட்டால் பரிசு நின்றதும் ஆசையும் குறையும்.

இதையெல்லாம் நினைவில் வைத்துச் செய்ய முடியாது, ஒரு நோட்டு வேண்டும். வகுப்பில் ஒவ்வொரு மாணவிக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, வாரம் ஐந்து பேரைப் பற்றி, இப்போது எதில் போராடுகிறாள், எதை முதல்முறையாகச் செய்தாள் என்று தேதியோடு ஒரு வரி எழுதுங்கள். சில மாதங்களில் சில பக்கங்கள் வெறுமையாகவே இருப்பது தெரியும், அவர்கள் சத்தம் போடாத, நடுவாந்திர மதிப்பெண் வாங்கும் பெண்கள். அடுத்த வாரம் அவர்களிடமிருந்து தொடங்குங்கள். ஆண்டு முடிந்ததும் அந்த நோட்டை அடுத்த வகுப்பு ஆசிரியையிடம் கொடுத்து, அரை மணி நேரம் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் பேசிவிடுங்கள். இல்லையென்றால் அந்தப் பெண்கள் அங்கே போய் மறுபடியும் முதலிலிருந்து தங்களை நிரூபிக்க வேண்டியிருக்கும்.