மேட்டூர் நீர் நிலவரத்தைப் படித்து நாற்றங்காலுக்கு நாள் குறிப்பது எப்படி?

மேட்டூர் அணையின் நீர்மட்டம் நாள்தோறும் செய்தித்தாளில் வருகிறது. காவிரிப் பாசனத்தில் நெல் நாற்றங்கால் விட நாள் பார்ப்பவர்கள் அந்த ஓர் எண்ணை மட்டும் நம்பி விதையை நனைத்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அடிக்கணக்கை விட்டு, முதலில் நீர் இருப்பைப் பாருங்கள். முழு நீர்மட்டமான 120 அடியில் 93.47 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கனஅடி) பிடிக்கும் அணையில் 60 அடி தண்ணீர் நின்றால் பாதி இருப்பதாகத் தோன்றும்; ஆனால் பள்ளத்தாக்கு அடியில் குறுகி மேலே போகப்போக விரிவதால், உண்மையில் இருப்பது ஏறத்தாழ 25 டி.எம்.சி.தான்.

அடுத்து, திறப்பிலிருந்து (அணையிலிருந்து வெளியேறும் நீர்) வரத்தை (அணைக்கு வந்துசேரும் நீர்) கழியுங்கள். விநாடிக்கு 11,574 கனஅடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டி.எம்.சி. ஆகும். வரத்து 4,000 கனஅடி, திறப்பு 16,000 கனஅடி என்றால் நாளொன்றுக்கு ஒரு டி.எம்.சி.க்குச் சற்றுக் கூடுதலாகக் குறையும். மேலே சொன்ன 25 டி.எம்.சி. இருபத்து நான்கு நாளில் தீர்ந்துவிடும். குடிநீருக்கென நிறுத்திவைப்பது போக, பாசனத்துக்கு அத்தனை நாளும் கிடைக்காது. ஆகவே ஜூன் 12-இல் அணை திறந்தார்கள் என்ற செய்தியோடு நில்லாமல், நீர்பிடிப்புப் பகுதிகளான குடகிலும் வயநாட்டிலும் மழை பிடித்திருக்கிறதா, கர்நாடக அணைகளான கபினியும் 124.80 அடி கொண்ட கிருஷ்ணராஜசாகரும் நிரம்பி வருகின்றனவா என்று சேர்த்துப் பார்ப்பது அவசியம். உச்சநீதிமன்றம் 2018-இல் தமிழகத்துக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று தீர்ப்பளித்தது. அந்த நீர் அளக்கப்படும் இடம் மேட்டூருக்கு மேலே மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலு என்பதால், அங்குள்ள அளவே நாளைய மேட்டூர் வரத்தை முன்கூட்டிச் சொல்லும்.

திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்துசேர மூன்று, நான்கு நாளாகும். அங்கே அது காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிகிறது. உங்கள் வாய்க்கால் எதிலிருந்து பிரிகிறதோ அந்த ஆற்றின் கனஅடியே உங்களுக்குரிய எண். வெள்ளக் காலத்தில் மேட்டூரில் லட்சம் கனஅடி திறந்தாலும் மகிழ்ந்துவிட வேண்டாம், அதில் பெரும்பகுதி கல்லணைக்கு முன்னாலுள்ள முக்கொம்பிலேயே வெள்ள வடிகாலான கொள்ளிடத்தில் இறங்கிவிடும்.

கடைமடைக்காரர்கள் இன்னொன்றும் செய்யவேண்டும். மேட்டூர் திறந்த தேதியையும், தம் மதகில் முதல் தண்ணீர் செத்தைகளைத் தள்ளிக்கொண்டு வந்து தொட்ட தேதியையும் ஆண்டுதோறும் ஒரு நோட்டில் எழுதிவைக்க வேண்டும். முறைப்பாசனம் (ஆறுகளுக்கு முறை வைத்துத் தண்ணீர் விடுவது) வைத்த ஆண்டுகளைத் தனியே குறித்துக்கொண்டால், இடைப்பட்ட நாட்கள் எத்தனை என்பது நான்கைந்து ஆண்டுகளில் தெளிவாகும். விதையை அந்தக் கணக்கு வைத்தே நனையுங்கள்.