சீஃப் திட்டிய பிறகு என்ன செய்வது? மனநலத் துறை முதலாமாண்டு பிஜிக்களுக்கு

நான் திட்டுகிற தரப்பில் இருப்பவள். ஒரு அரசு மருத்துவக் கல்லூரியின் மனநலத் துறையில் அசோசியேட் புரொஃபசர். பிஜியாக, அதாவது முதுகலை மாணவராக, எம்.டி. சேர்ந்த முதல் வருடத்தில், நோயாளியோடு வைத்துக்கொள்ள வேண்டிய தூரத்தில் ஏதாவது ஒரு சறுக்கல் எல்லோருக்கும் நடக்கும். அப்படி நடந்ததைவிட, அதை மறைக்கச் செய்த காரியம்தான் பலரையும் மாட்டிவிட்டிருக்கிறது. ஆகவே, சறுக்காமல் இருப்பது எப்படி என்று நான் எழுதப் போவதில்லை. அது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. சறுக்கிய அன்று மாலை என்ன செய்வது என்பதுதான் அங்கே இல்லை.

அடிக்கடி நடப்பது போன் நம்பர் விவகாரம். அடையாளம் தெரியாதபடி மாற்றி ஒன்றைச் சொல்கிறேன். குளோசபின் என்ற மனநோய் மாத்திரை ஆரம்பித்த ஒரு பையனுக்கு டிஸ்சார்ஜ். காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் உடனே வெள்ளணு எண்ணிக்கை பார்க்க வேண்டும், முதல் 18 வாரம் வாராவாரம் ரத்தப் பரிசோதனை என்றெல்லாம் பிஜி பொறுப்பாக விளக்கியிருக்கிறார். "ராத்திரியில காய்ச்சல் வந்தா யாரைம்மா கேக்கறது?" என்று அம்மா கேட்டதும் தன் சொந்த நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டார். முதலில் அம்மா கூப்பிட்டார். அப்புறம் பையனிடமிருந்து பூப்படத்தோடு குட் மார்னிங். பிஜி ஒரு ஸ்மைலி போட்டார். பிறகு இரவு 11 மணிக்கு, "அக்கா, தூக்கம் வரலை." கொஞ்ச நாள் பதில் போனது. ஒரு நாள் பயந்துபோய் பிளாக் செய்துவிட்டார். பையன் அடுத்த ஓபியில் யூனிட் தலைவரான சீஃப் முன்னால் வந்து நின்று, "அக்கா ஏன் என்னை பிளாக் பண்ணாங்க?" என்று கேட்டான்.

நம்பர் கொடுத்தது அன்று மாலையே சரிசெய்திருக்கக்கூடிய விஷயம். வார்டு போன் நம்பரைக் கொடுத்து, இரவில் டியூட்டி டாக்டர் எடுப்பார் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஸ்மைலியிலும் பெரிய தப்பில்லை. மெசேஜ் வருவதை யாரிடமும் சொல்லாத அந்த வாரங்களில்தான் விஷயம் கெட்டது. பிளாக் செய்தது அதைவிட மோசம். ஏற்கெனவே எல்லோரும் தன்னை ஒதுக்குகிறார்கள் என்று நம்பிக்கொண்டிருக்கிற பையனுக்கு அதற்கு ஒரு சாட்சி கிடைத்துவிட்டது.

அன்றைக்கே சொல்லுங்கள்

சீஃபிடம் நேராகப் போகத் தயக்கமாக இருந்தால் அசிஸ்டன்ட் புரொஃபசரிடமாவது போங்கள். வார்டு சிஸ்டர் வழியாக அது சீஃப் காதுக்குப் போவதற்கு முன்னால் உங்கள் வாயிலிருந்து போக வேண்டும். போய்விடும், சந்தேகமே வேண்டாம். வார்டில் சிஸ்டர்களுக்குத் தெரியாதது எதுவும் இல்லை.

சொல்லும்போது முன்கதை வேண்டாம். "சார், நாலாம் பெட் பையனோட அம்மாகிட்ட என் சொந்த நம்பரைக் கொடுத்துட்டேன். ரெண்டு தடவை பையனே மெசேஜ் பண்ணியிருக்கான். நாளைக்கு வார்டு நம்பரைக் கொடுத்து, இனிமே அதுலதான் பேசணும்னு சொல்லலாம்னு இருக்கேன். எப்படிச் சொல்றதுன்னு கேக்க வந்தேன்." நடந்தது, இப்போதைய நிலை, அடுத்துச் செய்யப் போவது, உங்கள் கேள்வி. இதற்கு மேல் நீட்டினால் அது வாக்குமூலமாகிவிடும். அழுதுகொண்டே வருபவர்களை நாங்கள் சமாதானப்படுத்தத் தொடங்கிவிடுவோம், நோயாளி மறந்துபோவார்.

அப்புறம் கேஸ் ஷீட்டில் தேதி, நேரத்தோடு எழுதுங்கள்: என்ன நடந்தது, யாரிடம் தெரிவித்தேன், என்ன முடிவு. மூன்று வரி போதும். பின்தேதியிட்டு எழுதாதீர்கள், பழைய பக்கத்தில் இடைச்செருகாதீர்கள். வாட்ஸ்ஆப் உரையாடலையும் அழிக்காதீர்கள். அழித்தால் உங்கள் பக்கத்து நியாயமும் அதோடு போய்விடும்.

எவ்வளவு பெரிய விஷயம்?

குட்ஹைல், கப்பார்ட் என்ற இரண்டு அமெரிக்க மனநல மருத்துவர்கள் 1993-ல் ஒரு கட்டுரையில் இப்படிப்பட்ட சறுக்கல்களை இரண்டாகப் பிரித்தார்கள். எல்லையைத் தாண்டுவது ஒன்று: கெடுதல் இல்லாமலும் போகலாம், சில சமயம் உதவவும் செய்யலாம். எல்லையை மீறுவது வேறு: அது நோயாளிக்குத் தீங்கு. ஊருக்குப் போகக் காசில்லாத ஆயாவுக்கு பஸ் கட்டணம் கொடுத்தது முதல் வகை. டிஸ்சார்ஜ் ஆன பையனின் அம்மா கொண்டுவந்த லட்டை வாங்கிச் சாப்பிட்டதும் அப்படித்தான். நம் ஊரில் அதை மறுப்பது அவர்கள் முகத்தில் அடிப்பது போல. வாங்கி, வார்டில் எல்லோருக்கும் கொடுத்துவிடுங்கள். பட்டுப்புடவையோ கவரோ வந்தால் கதை வேறு.

நான் பிஜிக்களிடம் கேட்பது இவ்வளவுதான்: இதைக் கேஸ் ஷீட்டில் எழுதக் கூச்சமாக இருக்கிறதா? பக்கத்து பெட்காரருக்கும் இதைச் செய்வீர்களா? செய்யமாட்டீர்கள் என்றால் இவர் மட்டும் ஏன்? மூன்றாவது கேள்விக்குப் பெரும்பாலும் உண்மையான பதில் இருக்கும். செத்துப்போன தம்பி ஞாபகம், நம்ம ஊர்க்காரர், நம்மைப் போலவே படித்தவர். அதைக் கண்டுபிடிப்பதற்குத்தான் மூத்தவரோடு உட்கார்ந்து கேஸைப் பேசும் சூப்பர்விஷன்.

போட்டோ விஷயத்தில் சலுகை கிடையாது. வார்டில் பொங்கல் கொண்டாடிய படத்தை ஸ்டேட்டஸில் போடுவது, கேஸ் பிரசன்டேஷனுக்காக நோயாளியின் முகத்தை பேட்ச் குரூப்பில் அனுப்புவது, இரண்டும் வேண்டாம். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23, 24-ஆம் பிரிவுகள் நோயாளியின் ரகசியத்தைப் பாதுகாக்கின்றன, டிஜிட்டலில் இருக்கும் விவரம் உட்பட. போட்டிருந்தால் உடனே எடுத்துவிட்டு, எடுத்ததையும் சொல்லுங்கள்.

நோயாளியோடு காதல், உடலுறவு என்றால் இந்தக் கட்டுரை உதவாது. 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகளின்படி அது ஒழுங்கு நடவடிக்கைக்கு உரியது. அங்கே சீஃப் திட்டுவது உங்கள் பிரச்சினைகளில் மிகச் சிறியது. அந்தப் பக்கம் மனசு சாய்கிறது என்று தோன்றும்போதே, எதுவும் நடக்கும் முன்பே, நோயாளியை வேறு பிஜியிடம் மாற்றச் சொல்லிக் கேளுங்கள். கேட்டதற்காக நான் யாரையும் தாழ்வாக நினைத்ததில்லை.

ரவுண்ட்ஸில் திட்டு விழும்போது

எல்லோர் முன்னாலும் விழும். கூடாதுதான், ஆனால் விழும். அந்த இடத்தில் விளக்கம் சொல்லாதீர்கள். ஹவுஸ் சர்ஜன்களான சிஆர்ஆர்ஐக்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது எந்த சீஃபும் பின்வாங்க மாட்டார். "சரி சார், மதியம் வந்து பேசறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த பெட்டுக்கு நகருங்கள். ரவுண்ட்ஸ் முடிந்ததும், சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். கேன்டீனில் நாலு பேரிடம் சொன்ன பிறகு எழுதினால் அது வேறு கதையாகியிருக்கும்.

எழுதியதில் எது செய்கையைப் பற்றியது, எது உங்களைப் பற்றியது என்று பிரியுங்கள். "நம்பரைக் கொடுத்துட்டு யூனிட்ல சொல்லலை" என்பதில் வேலை இருக்கிறது. "நீயெல்லாம் எதுக்கு சைக்கியாட்ரிக்கு வந்தே" என்பதில் ஒன்றும் இல்லை. அதை அங்கேயே விட்டுவிடுங்கள். மதியம் போகும்போது முதல் வகையை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள்.

சீஃப் சொல்வது தவறென்று தோன்றினால், "நீங்க அந்த இடத்துல இருந்தா அந்த அம்மாகிட்ட என்ன வார்த்தை சொல்லியிருப்பீங்க, சார்?" என்று கேளுங்கள். எதிர்வாதத்தைவிட இது நன்றாக வேலை செய்யும். சிலர் அருமையான ஒரு வாக்கியத்தைச் சொல்வார்கள், வாழ்நாள் முழுக்கப் பயன்படும். சிலர் யோசித்துவிட்டு, "அது கஷ்டம்தான்" என்பார்கள். அதுவும் நல்லதே.

நோயாளியிடம் திரும்பிப் போவது

திட்டு வாங்கிய பிஜி அடுத்த நாளிலிருந்து கல்லாகிவிடுவார். பெட் பக்கமே போகமாட்டார். சிரிப்பு நின்றுவிடும். நோயாளி என்ன பாவம் செய்தார்? வழக்கமான நேரத்துக்கு, உட்கார்ந்து, நீங்களே சொல்லுங்கள்: "தம்பி, என் சொந்த நம்பர்ல மெசேஜ் பண்ணச் சொன்னது சரியான ஏற்பாடு இல்லை. அது நான் பண்ணது, உன் தப்பு இல்லை. இனிமே வார்டு நம்பர்ல கூப்பிடு. நான் இல்லைன்னாலும் ஒருத்தர் எடுப்பாங்க. செவ்வாய்க்கிழமை ஓபியில எப்பவும் போல பேசுவோம்." பழி சீஃப் மேல் போகக்கூடாது. "சார் பேசக்கூடாதுன்னு சொல்லிட்டார்" என்றால், நீங்களும் நோயாளியும் ஒரு கட்சி, யூனிட் எதிர்க்கட்சி என்றாகிவிடும். கோபமோ அழுகையோ வந்தால் இருந்து கேளுங்கள். தற்கொலை எண்ணம் பற்றி அன்று கட்டாயம் விசாரியுங்கள். செவ்வாய்க்கிழமை என்று சொன்னால் செவ்வாய்க்கிழமை அங்கே இருங்கள்.

சீஃபே எல்லை தாண்டினால்

"இந்த நோயாளிமேல உனக்கு ஏன் இவ்வளவு கோபம்?" என்று சூப்பர்வைசர் கேட்கலாம். "உங்க வீட்ல அப்பா எப்படி?" என்று தோண்டக்கூடாது. அது சிகிச்சையாளரின் வேலை. "அதை நான் வேற இடத்துல பேசிக்கறேன், மேம்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. தொடர்ந்து அவமானப்படுத்துவது, சாதியை இழுப்பது என்றால் தேதியோடு எழுதி வைத்து துறைத்தலைவரிடமோ டீனிடமோ போங்கள். பாலியல் தொந்தரவு என்றால் கல்லூரியின் உள்புகார்க் குழு.

தூக்கம் போய், டியூட்டிக்கு வரவே பயமாகி, செத்துவிடலாம் என்று தோன்றினால் லீவு லெட்டருக்கு முன்னால் மருத்துவரைப் பாருங்கள். உங்கள் துறையில் யாரிடமும் வேண்டாம். நாளை உங்களுக்கு மார்க் போடப் போகிறவர் இன்று உங்கள் கேஸ் ஷீட்டை எழுதக்கூடாது. வேறு கல்லூரி அல்லது வெளியில் ஒரு கிளினிக். நடுராத்திரியில் யாரும் இல்லையென்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ், 14416. நோயாளிகளுக்கு நாம் எழுதிக் கொடுக்கிற அதே நம்பர்தான்.