தம்பியின் பயோடேட்டாவில் ஒரு வரி

துறைமுகப் பக்கம் ஒரு ஷிப்பிங் ஆபீஸ் வேலைக்காக, தண்டையார்பேட்டையில் இருக்கும் என் சித்தி பையன் தயார் செய்த பயோடேட்டாவில் ‘ஐ டோன்ட் ஷை அவே டு டூ டிஃபிகல்ட் டாஸ்க்ஸ்’ என்று இருந்தது. கஷ்டமான வேலையைக் கண்டு பின்வாங்க மாட்டேன் என்று சொல்ல வந்திருக்கிறான். நல்ல வரிதான், அந்த ‘டு’தான் இடித்தது.

‘ஷை அவே’ என்றால் பின்னால் ‘ஃப்ரம்’ வர வேண்டும். குதிரை மிரண்டு ஒதுங்குவதற்கும் இங்கிலீஷில் ‘ஷை’ என்றுதான் சொல்வார்கள். எதிலிருந்து ஒதுங்குகிறது? அந்த ‘இருந்து’தான் ‘ஃப்ரம்’ என்றதும் பிடித்துக்கொண்டான். அதன் பிறகு பெயர்ச்சொல் வரலாம், இல்லை ‘இங்’ சேர்ந்த வினை வரலாம்: ‘ஷை அவே ஃப்ரம் டிஃபிகல்ட் டாஸ்க்ஸ்’, ‘ஷை அவே ஃப்ரம் டேக்கிங் ரிஸ்க்ஸ்’. இறந்தகாலம் ‘ஷைட் அவே’.

“அப்போ ‘அஃப்ரெய்ட்’னு போடலாமாண்ணா?” என்றான்.

போடலாம். அதற்கு ‘டு’வும் வரும், ‘ஆஃப்’பும் வரும். கேட்கவே தயக்கம் என்றால் ‘அஃப்ரெய்ட் டு ஆஸ்க்’. தோற்றுவிடுவோமோ என்ற பயம் என்றால் ‘அஃப்ரெய்ட் ஆஃப் ஃபெயிலிங்’. ஆனால் பயோடேட்டாவில் பயம் என்ற பேச்சே எதற்கு? சரி, ‘ஷை அவே’யே இருக்கட்டும் என்று முடிவானது. அப்புறம் அந்த வரிக்குக் கீழேயே, அதற்கு உதாரணமாக, முன்பு ராத்திரி ஷிஃப்ட் பார்த்ததையும் எழுதச் சொன்னேன்.