இணையச் சதுரங்கப் போட்டி: நேரத்தைத் தீர்மானிப்பதில் நேரும் தவறுகள்

அவளிடம் ராஜாவும் ஒரு கோட்டையும். எதிரில் தனி ராஜா. ஆனால் வாழைச்சேனையிலிருந்து விளையாடிய அந்தப் பன்னிரண்டு வயதுச் சிறுமியின் கடிகாரத்தில் நான்கு செக்கன்களே மிச்சம். நேரம் முடிந்தது. எதிராளியிடம் ராஜாவைத் தவிர வேறு காய் இல்லாததால் ஆட்டம் சமநிலை என்று அறிவிக்கப்பட்டது. கையில் இருந்த வெற்றி அரைப் புள்ளியாகச் சுருங்கியது. அந்தப் போட்டியை ஒழுங்கு செய்தவன் நான். ஆளுக்கு மூன்று நிமிடம், நகர்த்தலுக்குச் சேர்க்கும் நேரம் பூச்சியம் என்று வைத்த பிழையும் என்னுடையதே.

ஒவ்வொரு நகர்த்தலுக்கும் சில செக்கன்கள் சேர்த்துக் கொடுக்காமல் விடுவதைத்தான் எல்லாவற்றிலும் பெரிய தவறாகக் கருதுகிறேன். முன்னாள் உலகச் சாம்பியன் பொபி ஃபிஷர் அத்தகைய கடிகாரத்துக்கு 1989இல் காப்புரிமை பெற்றார். 1992இல் தன் பழைய எதிராளி ஸ்பாஸ்கியுடன் ஆடிய போட்டியில் அதையே பயன்படுத்தினார். இன்று பிளிட்ஸ் எனும் அதிவேக ஆட்டத்துக்கான உலக சாம்பியன்ஷிப்பிலும் மூன்று நிமிடத்தோடு நகர்த்தலுக்கு இரண்டு செக்கன் கொடுக்கிறார்கள். உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்களுக்கே அது தேவைப்படும்போது, மாரி மழையில் விட்டு விட்டு வரும் இணைப்போடு, கல்லடியில் ஒரு சிறிய கைப்பேசித் திரையில் காய் நகர்த்தும் பிள்ளைக்கு வேண்டாமா? பாடசாலை மாணவர்களுக்கு நான் இப்போது பத்து நிமிடமும் ஐந்து செக்கனும்தான் வைக்கிறேன்.

அடுத்த தவறு கணக்கில் நேர்கிறது. பத்து நிமிடம், ஐந்து செக்கன் என்றால், அறுபது நகர்த்தல் வரை போகும் ஆட்டத்தில் ஒருவருக்குப் பதினைந்து நிமிடம், இருவருக்கும் சேர்த்து அரை மணி நேரம். ஏறக்குறைய ஒரே புள்ளியில் இருப்பவர்களைச் சுற்றுக்குச் சுற்று மோதவிடும் சுவிஸ் முறையில், ஒரு சுற்றின் கடைசி ஆட்டம் முடிந்த பிறகே அடுத்த சுற்று தொடங்கும். ஆகவே சராசரி ஆட்டத்தை வைத்துக் கணக்கிடக் கூடாது. நீண்டுபோகும் ஆட்டத்தை வைத்தே கணக்கிட வேண்டும். ஏழு சுற்றுக்கு மூன்றரை மணி நேரம். இரவு ஏழு மணிக்குத் தொடங்கினால் பத்தரை ஆகிவிடும், விடிந்தால் பாடசாலை. நோன்பு மாதத்தில் காத்தான்குடி, சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பிள்ளைகளுக்குத் தராவீஹ் எனும் இரவுத் தொழுகையும் அந்த நேரத்தில்தான் வரும். அப்படியானால் நேரத்தை வெட்டாதீர்கள், சுற்றை ஐந்தாகக் குறையுங்கள். அல்லது சனிக்கிழமை காலைக்கு மாற்றுங்கள்.

குறித்த நேரம் முடியும்வரை, ஓர் ஆட்டம் முடிந்ததும் அடுத்த எதிராளியோடு ஆடிக்கொண்டே போகும் அரீனா முறையில் பிழை எதிர்ப்பக்கமாக வரும். ஒன்றரை மணி நேர அரீனாவுக்குப் பதினைந்து நிமிடமும் பத்து செக்கனும் வைத்தால், சிலருக்கு இரண்டு ஆட்டம்கூட முழுமையாகக் கிடைக்காது. அங்கே ஐந்து நிமிடம், மூன்று செக்கன் பொருந்தும். லிசெஸ் (Lichess) எனும் இணையச் சதுரங்கத் தளத்தில் நடத்துவதானால், தன் நேரத்தில் பாதியை விட்டுக்கொடுத்து மேலதிகப் புள்ளி தேடும் ‘பெர்சர்க்’ வசதியைச் சிறுவர் போட்டிகளில் நிறுத்திவைப்பதே நல்லது.

பெயரை நம்பி ஏமாறுவதும் உண்டு. ஐந்து நிமிடம், ஐந்து செக்கன் என்பதை உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே அறுபது நகர்த்தலுக்குக் கணக்கிட்டுப் பத்து நிமிடம் என்று கொள்வதால் அது பிளிட்ஸ். லிசெஸ் நாற்பது நகர்த்தலுக்குக் கணக்கிடுவதால் அங்கே அதுவே ரேபிட், அதாவது பிளிட்ஸைவிட நீண்ட வகை. ஆட்டத்திறனைக் காட்டும் தரப்புள்ளிக்கு வரம்பு வைக்கும் ஒழுங்கமைப்பாளர் எந்தத் தரப்புள்ளியைப் பார்க்கிறோம் என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும்.

தீர்மானித்த நேரத்தை ஒரு வாரத்துக்கு முன்பே அறிவியுங்கள், பிள்ளைகள் அதே நேரத்தில் பழகட்டும். அதற்கும் முன்னதாக, பங்குபற்றுவோரில் மிகப் பழைய கைப்பேசி வைத்திருக்கும் பிள்ளையோடு அதே கடிகாரத்தில் ஓர் ஆட்டம் ஆடிப் பாருங்கள்.