பிள்ளைக்கு வயலின்: புதுசா, பழைய திறமானதா?

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் பிள்ளையளை வயலின் பழக விடுற ஆக்களுக்கு ஒரு குறிப்பு. ஆரும் வெளிநாடு போகேக்க நல்ல வயலின் ஒண்டை விப்பினம், அதே காசுக்குக் கடையில புதுசும் கிடக்கும், எதை எடுக்கிறதெண்டு குழம்பாதேங்கோ.

முதல் கை நீளத்தைப் பாருங்கோ. சின்னப் பிள்ளையளுக்கு 1/2, 3/4 மாதிரிச் சின்னச் சைஸ்தான் சரிவரும், விக்கிற பழசு புல் சைஸ் எண்டா எவ்வளவு திறமெண்டாலும் வேண்டாம், அளவான புதுசையே எடுங்கோ.

வட இலங்கை சங்கீத சபைச் சோதினை எடுக்கிற அளவுக்கு வளந்த பிள்ளையெண்டா நான் பழசைத்தான் சொல்லுவன், நாதமே வேற. ஆனா டீச்சரையோ வாசிக்கத் தெரிஞ்ச ஒராளையோ கூட்டிக்கொண்டு போய் வாசிச்சுப் பாத்திட்டுத்தான் காசைக் குடுக்கோணும். ஓரத்தில ஒட்டு விட்டிருந்தா பரவாயில்லை, திரும்ப ஒட்டலாம், ஆனா குதிரைக்குக் (கம்பியளைத் தாங்கிற மரத்துண்டு) கீழ, மெல்லிய கம்பிப் பக்கம் பலகை வெடிச்சிருந்தா விட்டிடுங்கோ, அதுக்கு நேர உள்ளுக்கதான் சின்னத் தடி ஒண்டு முட்டுக் குடுத்து நிக்குது, அந்த வெடிப்பைத் திருத்த நிறையச் செலவு வரும். கழுத்து நேரா இருக்கோ, பிரடை (கம்பியை முறுக்கிற ஆணி) வழுக்காமல் நிக்குதோ எண்டும் பாருங்கோ. புதுக் கம்பிக்கும் நல்ல வில்லுக்கும் கொஞ்சக் காசை ஒதுக்கி வையுங்கோ.

புதுசோ பழசோ, எங்கட வெயிலுக்குத் தகரக் கூரைக்குக் கீழ வைக்காதேங்கோ, சூட்டில பசை இளகி ஒட்டு விட்டிடும்.