வாஷிங்டன் காலத்து வர்ஜீனியாக் கடிதத்தை வாசிப்பது எப்படி?

அன்று பிரிட்டிஷ் குடியேற்றமாக இருந்த வர்ஜீனியாவின் பெருந்தோட்டக்காரர்கள் எழுதிய கடிதங்களில் குடும்பமும் வியாபாரமும் ஒரே தாளில் கலந்திருக்கும். ஜார்ஜ் வாஷிங்டன் 1759 மே 1 அன்று லண்டனிலிருந்த ராபர்ட் கேரி என்ற வணிக நிறுவனத்துக்கு எழுதியதைப் பாருங்கள். தன் திருமணச் சான்றிதழை உடன் வைத்து, மனைவியின் முதல் கணவர் டேனியல் பார்க் கஸ்டிஸின் சொத்து பற்றிய கடிதங்களை இனித் தன் பெயருக்கே அனுப்பச் சொல்கிறார். கூடவே ஏழரை அடி உயரக் கட்டில், அதற்கு நீலத் திரை என்று சாமான் பட்டியலும் போகிறது. அதனால் குடும்பக் கடிதம், வியாபாரக் கடிதம் என்று எடுத்தவுடனே பிரித்து வைக்காதீர்கள்.

1. படமும் அச்சும். வாஷிங்டன் போன்ற அமெரிக்கத் தலைவர்களின் கடிதங்களைத் தொகுத்த ஃபவுண்டர்ஸ் ஆன்லைன் தளத்தில் அச்சு வடிவம் இலவசமாகக் கிடைக்கும். வாஷிங்டன் தாள்களின் படங்கள் காங்கிரஸ் நூலகத் தளத்தில் உள்ளன. முதலில் படத்தைப் பார்த்துப் பத்து வரியை நீங்களே எழுதுங்கள். அச்சோடு ஒப்பிடுவது அதற்குப் பிறகுதான். கையெழுத்தைத் தானாகப் படிக்கும் மென்பொருளைத் தொடக்கத்தில் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து. அது தவறாகப் படித்தால் கண்டுபிடிக்க உங்கள் கண் பழகியிருக்க வேண்டும்.

2. எழுத்து. இரட்டை எஸ் வரும் இடத்தில் முதல் எஸ் நீண்டு, எஃப் போலத் தெரியும். ஒய் எழுத்தின் தலையில் சிறிய ஈ இருந்தால் 'தி' என்று வாசிக்க வேண்டும். மேலே தூக்கி எழுதிய சின்ன எழுத்துகள் எல்லாம் சுருக்கங்கள்.

3. எந்தப் பிரதி? கப்பல் மூழ்கலாம், போர்க்காலத்தில் பிடிபடலாம் என்பதால் ஒரே கடிதத்தை இரண்டு மூன்று கப்பல்களில் அனுப்பினார்கள். வீட்டில் ஒரு நகலேட்டிலும் எழுதி வைத்தார்கள். மடிப்பு, அரக்கு, வெளிப்புறத்தில் முகவரி இருந்தால் அது அனுப்பப்பட்ட பிரதி. வேறு கடிதங்களுக்கு நடுவே தொடர்ச்சியாக ஓடினால் நகலேடு. நகலேட்டில் வணக்கமும் முடிப்பும் சுருங்கியிருக்கும். அதைப் பார்த்து, எழுதியவர் மரியாதை குறைவாக எழுதினார் என்று முடிவு கட்டாதீர்கள்.

4. தேதி. பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் இது. 1752க்கு முன் இங்கிலாந்திலும் அதன் குடியேற்றங்களிலும் சட்டப்படி ஆண்டு பிறந்தது மார்ச் 25 அன்று. ஆகவே 'பிப்ரவரி 1727' என்றிருப்பது நம் கணக்கில் 1728 ஆக இருக்கலாம். வாஷிங்டன் பிறந்த நாள் பழைய (ஜூலியன் நாட்காட்டி) முறையில் 1731/2 பிப்ரவரி 11. புதிய (கிரிகோரியன் நாட்காட்டி) முறையில் 1732 பிப்ரவரி 22. இப்படிச் சாய்கோடு போட்டு இரண்டு ஆண்டும் எழுதியிருந்தால் குழப்பமில்லை. புதிய முறைக்கு மாறியபோது 1752 செப்டம்பர் 2க்கு அடுத்த நாள் செப்டம்பர் 14 ஆனது. குறிப்பெடுக்கும்போது பழைய தேதியை அப்படியே வைத்து, ஆண்டை மட்டும் தெளிவாக்குங்கள். 11 நாளை நீங்களாகக் கூட்டினால், கடிதத்தை அடுத்துத் தேடுபவருக்கு அது கிடைக்காது.

உள்ளே வரும் 'இன்ஸ்டன்ட்' இந்த மாதம்; 'அல்டிமோ' போன மாதம். 'உங்கள் ஃபேவர்' என்றால் உங்கள் கடிதம். அட்லாண்டிக்கைத் தாண்ட வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் ஆனதால் கேள்வியும் பதிலும் கடலில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கும். எந்தக் கடிதத்துக்கு இது பதில் என்பதை முதல் வரியில் தேடுங்கள்.

5. பணம். 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுன். லண்டன் கணக்கு ஸ்டெர்லிங், அதாவது பிரிட்டிஷ் நாணயம். உள்ளூர்க் கணக்கு வர்ஜீனியா நாணயம். இரண்டையும் நேரடியாகக் கூட்டக் கூடாது. 100 ஸ்டெர்லிங்குக்கு 125 வர்ஜீனியா பவுன் என்பது அடிக்கடி காணும் விகிதம். 1760களின் தொடக்கத்தில் அது 150ஐயும் தாண்டியது. எல்லாவற்றையும் முதலில் பென்ஸாக்குங்கள்: 12 பவுன் 7 ஷில்லிங் 6 பென்ஸ் = 2,970 பென்ஸ். இந்த ஸ்டெர்லிங் தொகையை 125 விகிதத்தில் வர்ஜீனியா நாணயமாக்க 1.25ஆல் பெருக்கினால் 3,712½. அதாவது 15 பவுன் 9 ஷில்லிங் 4½ பென்ஸ்.

6. ஆட்கள். மைத்துனர், சகலை எல்லோரும் 'பிரதர்'தான். 'ஜூனியர்' என்றால் மகன் என்று கட்டாயமில்லை. அதே ஊரில் அதே பெயருள்ள இளையவராகவும் இருக்கலாம். வம்சாவளிப் படம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் உறவை எழுதாதீர்கள்.

'என் ஆட்கள்' என்று வந்தால் பெரும்பாலும் அடிமைப்படுத்தப்பட்ட மனிதர்கள். கடிதத்தில் அவர்கள் பெயர் இல்லாத இடத்திலும் சாமான் பட்டியலில் தடம் இருக்கும்: ஆஸ்னபர்க் என்ற முரட்டு லினன் துணி நூற்றுக்கணக்கான கெஜம், டஜன் கணக்கில் மண்வெட்டி. பட்டியலைச் சலிப்பென்று தள்ளாதீர்கள். கட்டிலுக்கு நீலத் திரை கேட்ட அதே வீட்டில் யாருடைய உழைப்பில் புகையிலை விளைந்தது என்பது அங்கேதான் தெரியும்.

பின்சேர்க்கை: சாய்கோடு இல்லாத ஜனவரி முதல் மார்ச் 24 வரையான தேதிகளை என்ன செய்வது என்று பலர் கேட்டார்கள். மூன்று வழிகள் உண்டு. நகலேட்டில் 'பிப்ரவரி 1727' என்பது 'டிசம்பர் 1727'க்குப் பிறகு வந்தால் அது நம் 1728. கிழமை எழுதியிருந்தால் பழைய நாட்காட்டியோடு பொருத்திப் பாருங்கள். கப்பல் தலைவர் பெயர் இருந்து, கடிதம் 1736க்குப் பிந்தையது என்றால், அந்த ஆண்டு வில்லியம்ஸ்பர்க்கில் தொடங்கிய வர்ஜீனியா கெசட் செய்தித்தாளின் கப்பல் செய்திகளில் தேடலாம். நான் முதலில் நம்புவது நகலேட்டு வரிசையை. மூன்றும் கைகொடுக்காவிட்டால் '1727 அல்லது 1728' என்றே குறித்துவிடுங்கள்.