ஹக்கா மக்களின் மண்வீடுகளில் இரவு தங்க இடம் தேடுவது எப்படி?

சீனாவின் ஃபூஜியன் மாகாணத்து மலைகளில், தமக்கெனத் தனி மொழி கொண்ட சீனச் சமூகத்தினரான ஹக்கா மக்கள் கட்டிய ‘துலோ’ என்னும் மாபெரும் மண்வீடுகளைப் பெரும்பாலோர் ஷியாமென் நகரிலிருந்து காலையில் கிளம்பி, மாலைக்குள் பார்த்துத் திரும்பிவிடுகிறார்கள். ஓர் இரவாவது அங்கே தங்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. சுற்றுலாப் பேருந்துகள் போன பிறகுதான் அந்த முற்றங்கள் மீண்டும் அங்கே வாழ்பவர்களின் முற்றங்களாகின்றன. ஆனால் அந்த ஓர் இரவுக்கான இடத்தை, நகரத்தில் ஹோட்டல் அறை பிடிப்பதுபோல் கடைசி நேரத்தில் பிடிக்க முடியாது.

முதலில் ஊரை முடிவு செய்யுங்கள். வீட்டைப் பிறகு தேடலாம். 2008ஆம் ஆண்டு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்த 46 மண்வீடுகளும் ஒரே இடத்தில் இல்லை. யொங்டிங், நான்ஜிங், ஹுவாஆன் ஆகிய மூன்று பகுதிகளில் அவை பரவியிருக்கின்றன. இடையே வளைந்து செல்லும் மலைச்சாலைகள் நேரத்தை விழுங்கிவிடும். ஹுவாஆனில் உள்ளவை தெற்கு ஃபூஜியனின் மின்னான் மொழி பேசும் மக்கள் கட்டியவை என்பதால், ஹக்கா வாழ்க்கையைப் பார்க்க விரும்புபவர் யொங்டிங்கையோ நான்ஜிங்கின் மேற்குப் பக்கத்துக் கிராமங்களையோ தேர்ந்தெடுப்பதே சரி. யொங்டிங்கின் ஹொங்கெங் கிராமத்தில், 1912இல் கட்டப்பட்ட வட்டவடிவ ஜென்செங் லோ, 1880இல் கட்டத் தொடங்கிய ஃபூயூ லோ ஆகிய மண்வீடுகள் ஓடைக்கரையில் நடந்தே பார்க்கும் தூரத்தில் இருப்பதால், முதல்முறை செல்பவருக்கு நான் அந்த ஊரையே சொல்வேன். நான்ஜிங் பக்கம் செல்பவருக்கு, ஓடையின் இருபுறமும் விடுதிகள் நிறைந்த தாஸியா கிராமம் வசதியானது. நடுவில் ஒரு சதுர வீடும் அதைச் சுற்றி வட்ட, நீள்வட்ட வீடுகளுமாக அமைந்த தியன்லுவோகெங் கிராமமும் அங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லை. ரயில் பயணச்சீட்டு வாங்கும்போது மட்டும் எச்சரிக்கை தேவை: ஆங்கில எழுத்தில் நான்ஜிங் என்ற இதே பெயர் கொண்ட பெருநகரம் வேறொரு மாகாணத்தில் இருக்கிறது. நிலையத்தின் பெயரைச் சீன எழுத்தில் சரிபார்த்த பிறகே பணம் செலுத்துங்கள்.

அடுத்த முடிவுதான் கடினமானது: மண்வீட்டுக்குள்ளேயே தங்குவதா, அருகிலுள்ள புது விடுதியில் தங்குவதா? இதற்கு அந்த வீட்டின் அமைப்பைத் தெரிந்துகொள்வது உதவும். ஒரே குலத்தைச் சேர்ந்த பல குடும்பங்கள் கூடி வாழ்ந்த இந்த வீடுகளில், ஒவ்வொரு குடும்பத்துக்கும் தரையிலிருந்து கூரைவரை செங்குத்தாக ஒரு பங்கு உண்டு. கீழே சமையலறை, அதன்மேல் தானியக் கிடங்கு, மூன்றாம் நான்காம் அடுக்குகளில் படுக்கையறைகள். ஆகவே அறை வாடகைக்குக் கிடைக்கிறது என்றால், பெரும்பாலும் ஒரு குடும்பம் தன் பங்கிலுள்ள படுக்கையறையைத்தான் கொடுக்கிறது. மரப்பலகைத் தரை, ஒரு கட்டில், கனத்த மண்சுவரின் ஆழத்தில் பதிந்த சிறிய சன்னல் என்ற அளவில்தான் அந்த அறை இருக்கும். பழைய அமைப்பு மாறாத வீடுகளில் கழிப்பறை மாடியில் இருக்காது. இரவில் செங்குத்தான மரப்படிகளில் இறங்கி வெளியே செல்ல வேண்டியிருக்கும். பலகைத் தாழ்வாரத்தில் ஒருவர் நடந்தால் அடுத்தடுத்த அறைகளுக்கெல்லாம் கேட்கும். வீடு முழுவதற்கும் பெரும்பாலும் ஒரே தலைவாசல்தான். இரவில் அதைச் சாத்தும் நேரத்தைக் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

முழங்கால் வலி உள்ளவர்களும், முதியவர்களையும் சிறு குழந்தைகளையும் அழைத்துச் செல்பவர்களும் கழிப்பறையோடு கூடிய வெளிவிடுதியில் தங்குவதே நல்லது. மற்றவர்கள் ஓர் இரவை உள்ளேயும், மேலும் தங்குவதாக இருந்தால் மறு இரவை வெளியேயும் வைத்துக்கொள்ளலாம். முன்பதிவுத் தளங்களில் ‘துலோ’ என்ற பெயரோடு வரும் விடுதிகள் பலவும் மண்வீட்டுக்குப் பக்கத்தில் எழுந்த கான்கிரீட் கட்டடங்களே. அறை எந்த வீட்டுக்குள், எத்தனையாவது மாடியில் இருக்கிறது, கழிப்பறை எங்கே என்று நேரடியாகக் கேட்டு, படியையும் தாழ்வாரத்தையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

பலரும் அலட்சியமாக விட்டுவிடுவது காவல்துறைப் பதிவு. 2013 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள சட்டப்படி, சீனாவில் ஹோட்டலில் தங்கும் வெளிநாட்டவரின் விவரத்தை ஹோட்டலே பதிவு செய்யும். மற்ற இடங்களில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் தங்குபவரோ வீட்டுக்காரரோ உள்ளூர்க் காவல்துறையிடம் பதிவு செய்ய வேண்டும். கிராமத்துக் குடும்பம் ஒன்றுக்கு இதில் பழக்கம் இல்லாமல் இருக்கலாம். அதனால் பணம் கட்டும் முன்பே, வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவரைப் பதிவு செய்ய முடியுமா என்று சீன மொழியில் எழுதிக் கேட்டு, பதிலைக் கைபேசியில் பத்திரப்படுத்துங்கள். மொழிபெயர்ப்புச் செயலி இதற்குப் போதும். தயங்கித் தயங்கிப் பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள். இருட்டிய பிறகு மலைக்கிராமத்தில் அறை தேடி அலைவது யாருக்கும் வேண்டாம்.

காலத்தையும் கவனியுங்கள். அக்டோபர் முதல் வாரத் தேசிய விடுமுறையிலும், சீனப் புத்தாண்டிலும், மே தின விடுமுறையிலும் இடம் கிடைப்பது கடினம், வாடகையும் ஏறிவிடும். குளிர்காலத்தில் மண்வீட்டு அறைகளில் வெப்பமூட்டும் வசதி இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். கனமான போர்வை உண்டா என்று கேளுங்கள். கோடையில் கொசுவலை அவசியம். உள்கட்டுமானம் முழுவதும் காய்ந்த மரம் என்பதால், அறைக்குள் கொசுவர்த்தி, மெழுகுவத்தி, சிகரெட் எதையும் பற்றவைக்கக் கூடாது.

கிராமங்களுக்குச் செல்லும் பேருந்துகள் மாலைக்குமேல் குறைந்துவிடும். வந்துசேரும் நேரத்தை முன்கூட்டியே சொன்னால், வீட்டுக்காரரே ரயில் நிலையத்துக்குக் கார் ஏற்பாடு செய்து தருவதுண்டு. கட்டணத்தை யுவானில் அப்போதே பேசி முடித்துவிடுங்கள். வீட்டின் முகவரியைச் சீன எழுத்தில் கைபேசியில் வைத்திருங்கள். கைபேசியில் பணம் செலுத்த உதவும் வீசாட் அல்லது அலிபே செயலியில் வெளிநாட்டு வங்கி அட்டையை ஊரிலிருந்து புறப்படும் முன்பே இணைத்துச் சோதித்துவிடுங்கள். இருந்தாலும் சில்லறையாகக் கொஞ்சம் யுவான் கையில் இருக்கட்டும். வீடு நுழைவுக் கட்டணம் வசூலிக்கும் எல்லைக்குள் இருந்தால், அங்கே தங்குபவரும் சீட்டு வாங்க வேண்டுமா, வெளியே போய்விட்டு மறுநாள் திரும்பும்போது அதே சீட்டு செல்லுமா என்பதையும் வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.